கிறீஸ் பூதம் வந்த ஓகஸ்ட்: அம்பாறைக் கரையோர வீடுகளும் 2011இன் இரவுகளும்

கிறீஸ் பூதம் என்று இன்றைக்குச் சொன்னால் அம்பாறைக் கரையோரத்தின் இளம்பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களின் தாய்மார் சிரிப்பதில்லை. 2011 ஓகஸ்ட் மாதம் கோமாரி, பொத்துவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று இந்தக் கரை நெடுகிலும் பெண்கள் தனியே படுக்கப் பயந்தார்கள். ஆண்கள் பலர் படுக்கவே இல்லை. உடம்பெல்லாம் கிறீஸ் பூசி, முகத்தை மறைத்து, இருட்டில் வளவுக்குள் பாய்ந்து, பெண்களைக் கீறிக் காயப்படுத்திவிட்டு மறைகிற ஆள் ஒருவன் திரிகிறான் என்பதுதான் செய்தி. தமிழ்ப் பத்திரிகைகள் "மர்ம மனிதன்" என்று எழுதின. சிங்களத்தில் "கிறீஸ் யக்கா". யுத்தம் முடிந்து இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது.

அந்த மாதத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, அவன் யார் என்ற கேள்வியைச் சுற்றியே நிற்கிறது. இராணுவமா, திருடனா, வதந்தியா என்ற விவாதம் அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. இந்தக் கட்டுரையின் அக்கறை வேறு. ஓர் ஆபத்து வருகிறது என்று நினைத்த குடும்பம் முதலில் யாரிடம் போனது, யாரிடம் போகவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் அது தாயின் வளவுக்குப் போனது. அதற்கான காரணங்களைப் புரிந்துகொண்டால், இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் வீட்டுக்குள் வைத்திருக்கும் பல பழக்கங்கள் விளங்கும்.

கோமாரியும் அந்த வீதியும்

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் ஏ4 வீதியில், தம்பிலுவிலும் திருக்கோவிலும் கடந்து, இலங்கையின் கிழக்கு முனையான சங்கமன்கண்டிக்கு அப்பால் இருக்கிறது கோமாரி. பொத்துவில் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் வருகிற தமிழ்க் கிராமம். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, வயல், அதற்கப்பால் காடு. தெற்கே சில கட்டை போனால் முஸ்லிம்கள் அதிகமாக வாழும் பொத்துவில். வடக்கே திருக்கோவில் வரை வீதியின் பல இடங்களில் வீடில்லாத வெளி. பொழுதுபட்டால் அந்த வெளியைத் தனியே கடக்கிறவர்கள் குறைவு. யுத்த காலத்தில் பொழுதுபட முன்னரே வீடு திரும்புவது சட்டம் மாதிரி இருந்தது. பின்னர் அது பழக்கம் ஆனது.

இந்த வீதிக்கு இன்னொரு முகமும் உண்டு. வருடந்தோறும் கதிர்காமத் திருவிழாவுக்காக வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பாதயாத்திரை போகிறவர்கள் இந்த வழியாகத்தான் உகந்தைக்கு இறங்குவார்கள். முன்பின் தெரியாத ஆட்களைத் திண்ணையில் படுக்கவைத்து, சோறும் தண்ணீரும் கொடுத்து அனுப்பிப் பழகிய ஊர்கள் இவை. அதே ஊர்கள்தான் 2011 ஓகஸ்டில் தெரியாத முகம் ஒன்றைக் கண்டால் தடியை எடுத்தன. இந்த மாற்றம் சில நாட்களுக்குள் நடந்தது.

கதை வந்த வழி

கிறீஸ் பூசிய கள்ளன் புதியவன் அல்ல. பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக உடம்பில் எண்ணெயோ கிறீசோ பூசிக்கொண்டு களவுக்கு வருகிறவனைப் பற்றி இலங்கையின் எல்லாச் சமூகங்களிலும் பழைய கதைகள் இருக்கின்றன. 2011இல் அது திருட்டுக் கதையாக இல்லாமல் பெண்களைத் தாக்கும் கதையாக மாறியிருந்தது. இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தைப் பகுதியில் தனியே இருந்த பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டிருந்த காலம் அது. அந்தக் கொலைகள் கற்பனை அல்ல. ஆகவே தெற்கிலும் மலையகத்திலும் பெண்களின் பயத்துக்கு ஏற்கெனவே ஒரு நிலம் இருந்தது.

மலையகத்திலிருந்து கிழக்குக்கு அது வந்தது கைபேசியில். அந்த நேரத்தில் இந்த ஊர்களில் முகநூல் பரவலாக இல்லை. மலையகத்துக்குக் கல்யாணம் முடித்துப் போன உறவினர், லொறியில் போய்வந்த சாரதி, கட்டாரிலிருந்து அழைத்து "அங்கே ஏதோ நடக்குதாமே" என்று கேட்ட கணவர் என்று ஒவ்வோர் அழைப்பிலும் கதை ஒரு முழம் நீண்டது. காலில் ஸ்பிரிங் பூட்டியிருக்கிறான், மதில் மேல் பாய்கிறான், நகத்தில் பிளேட் இருக்கிறது என்பதெல்லாம் இப்படிச் சேர்ந்தவைதான். ஸ்பிரிங் கதையை நம்பாத பலரும் கூட, யாரோ வருகிறான் என்பதை நம்பினார்கள். வெளியிலிருந்து எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிக்கவில்லை.

பிறகு அடுத்தடுத்துச் சம்பவங்கள். அப்புத்தளைப் பகுதியில் கிறீஸ் பூதம் என்ற சந்தேகத்தில் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். ஓட்டமாவடியில் மக்களும் பொலிஸாரும் மோதினார்கள். கிண்ணியாவில் சந்தேக நபர் கடற்படை முகாமுக்குள் ஓடிவிட்டான் என்று சொல்லி மக்கள் முகாமைச் சூழ்ந்தார்கள். பொத்துவிலில் நடந்த மோதலில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். ஓகஸ்ட் 21ஆம் திகதி புத்தளத்தில் கூட்டம் ஒன்று பொலிஸ் கான்ஸ்டபிள் ஒருவரை அடித்துக் கொன்றது. அதற்கு அடுத்த இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில் இராணுவம் வீடு வீடாகப் புகுந்து நூறு பேரளவில் பிடித்துப்போனது. அடி வாங்கியவர்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தார்கள்.

இந்தப் பட்டியலில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. கிழக்கிலும் வடக்கிலும் சம்பவம் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கிறது: பெண் கத்துகிறாள், ஆண்கள் துரத்துகிறார்கள், துரத்தப்பட்டவன் முகாமின் பக்கம் ஓடியதாகச் சொல்லப்படுகிறது, மக்கள் முகாமின் வாசலில் நின்று அவனைக் கேட்கிறார்கள், முகாம் கொடுக்க மறுக்கிறது, கல் பறக்கிறது, பிறகு துப்பாக்கி.

வீட்டுக்குள் என்ன நடந்தது

ஓகஸ்ட் இந்தப் பக்கத்தில் சும்மா இருக்கிற மாதம் இல்லை. சிறுபோக வெள்ளாண்மை அறுவடைக்கு வருகிற நேரம். இரவில் வயலைக் காவல் காக்காவிட்டால் யானையும் பன்றியும் மிச்சம் வைக்காது. கிழக்குக் கடல் அமைதியாக இருந்து மீன்படுகிற காலமும் இதுதான். அதாவது ஆண்கள் இரவில் வீட்டில் இல்லாமல் இருக்க வேண்டிய மாதம். 2011இல் அதோடு இன்னும் இரண்டு சேர்ந்தன: க.பொ.த. உயர்தரப் பரீட்சை, புனித றமழான்.

றமழானில் முஸ்லிம் ஊர்களின் இரவுதான் பகல். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, இஷா முடிய தறாவீஹ் தொழுகைக்குப் பெண்களும் கூட்டமாகப் போய், பிறகு ஸஹருக்கு விடியப்புறம் எழும்பிச் சோறாக்குவது வரை வீடு உறங்காது. அந்த வருடம் பெண்கள் தறாவீஹுக்குப் போவது குறைந்தது, பல இடங்களில் நின்றது. ஸஹர் நேரத்தில் வெளிக்குசினிக்குப் போகப் பயந்தார்கள். விறகு, அம்மி, கிணறு எல்லாம் வெளியே. உள்ளே ஒரு மூலையில் காஸ் அடுப்பை வைத்து, மாலையே அரைத்து, மாலையே தண்ணீர் நிரப்பி வைத்துச் சமாளித்தார்கள்.

எல்லா வீட்டிலும் பெரிய பிரச்சினையாக இருந்தது மலசலகூடம். இந்தப் பக்கத்தில் அது வளவின் பின் கோடியில், வேலியை ஒட்டித்தான் இருக்கும். முற்றத்து வெளிச்சம் அங்கே எட்டாது. பொழுதுபட்ட பிறகு பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். போகத்தான் வேண்டுமென்றால் இரண்டு பேர் டோர்ச்சோடு கூடப் போனார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளேயே வாளி வைத்தார்கள். நோன்பு பிடிக்கிற பெண் இரவில்தான் தண்ணீர் குடிக்க முடியும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் தெரியும். இந்தச் சங்கதியைப் பத்திரிகைகள் எழுதவில்லை. எழுதக் கூசும் விஷயம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஒரு குடும்பத்தின் பயம் எவ்வளவு என்று அளக்க இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, யார் எங்கே படுப்பது. இங்கேதான் அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரத்தின் பழைய குடும்ப அமைப்பு வேலைசெய்தது. இந்தப் பக்கத்தில் தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குச் சீதனம். மூத்த மகளுக்குத் தாய் தன் வீட்டைக் கொடுத்துவிட்டு வளவின் பின்னால் சிறிதாக ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்குவாள்; அடுத்த மகளுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு எழும்பும். காலம் போகப் போக ஒரே வேலிக்குள், அல்லது கடப்பு வைத்து இணைத்த வேலிகளுக்குள், தாயும் அக்கா தங்கச்சிமாரும் அவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து வாழ்வார்கள். மானிடவியல் ஆய்வாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல வருடம் ஆராய்ந்து எழுதியது இதைப் பற்றித்தான். குடி வழி தாயால் வருகிறது. கோயிலிலும் பள்ளியிலும் அதற்கு இடம் உண்டு.

2011 ஓகஸ்டில் இந்த வளவு காவல் நிலையம் ஆனது. அம்மம்மாவின் அல்லது மூத்தம்மாவின் வீட்டு நடு மண்டபத்தில் பாய் விரித்து, பெண்களும் பிள்ளைகளும் வரிசையாகப் படுத்தார்கள். குமர்ப்பிள்ளைகள் நடுவில், கிழவிகள் கதவோரம். ஆண்கள் வாசலில் அல்லது சந்தியில், தடி, மண்வெட்டிப்பிடி, டோர்ச்சோடு. உயர்தரம் எழுதுகிற பிள்ளைக்கு மட்டும் விளக்கை அணைக்காமல் விட்டார்கள். சாமத்தில் யாராவது வெளியே போனால் பெயர் சொல்லிப் போக வேண்டும். தகரம் தட்டினால் எல்லோரும் எழும்ப வேண்டும். யாரும் யோசித்து வகுத்த திட்டம் இல்லை இது. 1985இலும் 1990இலும் படுத்த மாதிரியே படுத்தார்கள். எப்படிப் படுப்பது என்று கிழவிகளுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் எல்லோருக்கும் அந்த வளவு மிச்சமிருக்கவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். கோமாரியும் அழிந்த ஊர்களில் ஒன்று. அதன்பின் வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு முதலில் அறிவித்தது. பின்னர் தூரத்தைக் குறைத்தாலும், பலர் உள்ளே தள்ளி அமைத்த வீட்டுத்திட்டங்களுக்குப் போய்விட்டார்கள். அங்கே வீடுகள் பட்டியல்படி பகிரப்பட்டன. அக்காவுக்கு முதல் வரிசையில், தங்கச்சிக்குக் கடைசி வரிசையில். பெண்ணின் பெயரில் இருந்த சீதன வீடு அழிந்த இடத்துக்கு, "குடும்பத் தலைவர்" என்று படிவத்தில் எழுதப்பட்ட கணவனின் பெயரில் புதிய வீடு வந்ததும் உண்டு. கல் வீடு கிடைத்தது, வளவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் இரவு ஒரு மணிக்குக் கத்தினால் ஓடிவருகிற சின்னம்மாவோ சாச்சியோ அவர் இல்லை.

கணவன் இல்லாத வீடுகள்தான் அதிகம் தவித்தன. யுத்தத்தில் இறந்தவர், பிடித்துப்போய்த் திரும்பாதவர், மத்திய கிழக்குக்குப் போனவர் என்று இந்தக் கரையில் ஆண் இல்லாத வீட்டுக்குக் காரணங்கள் பல. சில வீடுகளில் தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலைக்கு நிற்க, மகள் அம்மம்மாவோடு இருந்தாள். அந்தத் தாய் அங்கிருந்து கைபேசியில் கேட்டுக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தாள்.

பயத்தின் பெயரில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாலை ரியூசன் நின்றது. கூட்டாளி வீட்டுக்குப் போவது நின்றது. சைக்கிளில் கடைக்குப் போவது நின்றது. எல்லாம் பெண்பிள்ளைகளுக்கு. பூதம் போன பிறகும் இவை எல்லாம் எல்லா வீட்டிலும் திரும்பி வரவில்லை. ஒரு கலவரத்தில் விதித்த தடை, கலவரம் முடிந்ததும் தானாக நீங்குவதில்லை. யாராவது ஒருவர் அதைக் கேட்டு நீக்க வேண்டும். கேட்க முடிந்த பிள்ளைகள் கேட்டார்கள்.

மதில் மேல் பாய்கிறவனைப் பற்றி எல்லோரும் பேசிய அதே இரவுகளில், கசிப்புக் குடித்துவிட்டு வந்து வீட்டுக்குள் அடிக்கிறவனைப் பற்றி யாரும் பேசவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அப்போதே இருந்தது. நீதவான் நீதிமன்றத்தில் 14 நாளுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், பின்னர் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். அந்தச் சட்டத்தைத் தெரிந்திருந்த பெண்கள் குறைவு. தெரிந்தும் போனவர்கள் அதைவிடக் குறைவு.

பொலிஸிடம் ஏன் போகவில்லை

"கள்ளன் வந்தால் 119க்கு அடிக்க வேண்டியதுதானே" என்று கேட்கலாம். கேட்டார்கள். பதிலுக்கு இந்த ஊர்களின் ஞாபகத்துக்குள் போக வேண்டும்.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியபோது, கிழக்கில் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். திருக்கோவிலை அடுத்த றூபஸ்குளம் காடு அந்தக் கொலைகளின் இடங்களில் ஒன்று. அதன்பிறகு இந்தப் பகுதிக்குள் வந்த படையினரும் அதிரடிப்படையினரும் தமிழ் இளைஞர்களைப் பிடித்துப்போனார்கள். முகாமின் வாசலுக்குப் போய்க் கேட்ட தாய்மாருக்கு, அப்படி யாரும் இங்கே இல்லை என்பதுதான் பதில். 1990 ஓகஸ்ட் 12ஆம் திகதி வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் ஊர்காவல் படையினராலும் அவர்களோடு வந்தவர்களாலும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். தமிழ் ஊர் முஸ்லிம் ஊருக்குப் பயந்தது; முஸ்லிம் ஊர் தமிழ் ஊருக்குப் பயந்தது. இரண்டும் சீருடைக்குப் பயந்தன.

முஸ்லிம்கள் படையை நம்பினார்கள், தமிழர்கள்தான் நம்பவில்லை என்று மேலோட்டமாகச் சொல்வது உண்டு. 2006 செப்டெம்பர் 17ஆம் திகதி அந்தக் கதையும் முடிந்தது. பொத்துவிலுக்கு அருகே இறத்தல்குளத்தில் குளத்து வேலைக்குப் போன 10 முஸ்லிம் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரசு புலிகளைக் குற்றஞ்சாட்டியது. புலிகள் அதிரடிப்படையைக் குற்றஞ்சாட்டினார்கள். பொத்துவில் மக்கள் அதிரடிப்படையைச் சந்தேகித்து வீதிக்கு இறங்கினார்கள். கூலி வேலைக்குப் போன பத்துப் பேரின் வீடுகளுக்கு யார் கொன்றார்கள் என்ற பதில் கிடைக்கவில்லை.

இப்போது 2011க்கு வாருங்கள். ஒருவனைப் பிடித்துப் பொலிஸிடம் கொடுத்தால், மறுநாள் அவன் வெளியே நிற்கிறான் என்று ஊர் சொல்கிறது. முகாமின் பக்கம் ஓடினான் என்கிறது. அது உண்மையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். முகாமுக்குள் போனவர்களைப் பற்றிய பதிலை இருபது வருடமாகக் கேட்டும் பெறாத ஊருக்கு, முகாம் சொல்கிற மறுப்பை நம்ப என்ன காரணம் இருந்தது? பூதத்தை நம்பியதை வேண்டுமானால் மூடத்தனம் என்று சொல்லலாம். முறைப்பாட்டுப் புத்தகத்தை நம்பாததை அப்படிச் சொல்ல முடியாது. அது அனுபவம்.

இதை வைத்து, சந்தியில் நின்ற ஆண்கள் செய்த எல்லாவற்றையும் நியாயப்படுத்தவும் கூடாது. அந்த மாதம் நாடெங்கும் அடி வாங்கியவர்களில் பிச்சைக்காரரும், மனநலம் குன்றியவரும், துணி விற்க வந்தவரும் இருந்தார்கள். அப்புத்தளையில் இறந்த இருவரின் வீடுகளிலும் புத்தளத்துக் கான்ஸ்டபிளின் வீட்டிலும் பெண்கள் இருந்தார்கள்.

அரசின் பதில் இரண்டு வகையில் வந்தது. ஒன்று, பூதம் என்று எதுவும் இல்லை, வதந்தி என்பது. இரண்டாவது, அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச விடுத்த எச்சரிக்கை: பாதுகாப்புப் படைகளைத் தாக்குவோர் பயங்கரவாதிகளாகவே நடத்தப்படுவார்கள். பெண்களைத் தாக்கியவர்களைப் பற்றி அந்த எச்சரிக்கை பேசவில்லை. பல முஸ்லிம் வீடுகளுக்கு இது கூடுதலாகச் சுட்டது. அவர்கள் வாக்களித்த கட்சியின் தலைவர் ரவூப் ஹக்கீம்தான் அப்போது நீதி அமைச்சர்.

ஓகஸ்ட் 25ஆம் திகதி ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச அவசரகாலச் சட்டத்தை நீடிக்கப்போவதில்லை என்று பாராளுமன்றத்தில் அறிவித்தார். மாத முடிவில் அது காலாவதியானது. உடனேயே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. நோன்புப் பெருநாளும் வந்தது. செப்டெம்பரில் பூதம் குறைந்தது. பாய்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின.

அதன்பிறகு வந்தவை

அந்த மாதம் ஒரு நல்லதையும் விட்டுப்போனது. 1990க்குப் பிறகு முதல்முறையாக இந்தக் கரையின் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒரே இரவில் ஒரே விஷயத்துக்குப் பயந்தன, ஒருவருக்கொருவர் பயப்படவில்லை. வயலில் சந்திக்கிற ஆண்களும் சந்தையில் சந்திக்கிற பெண்களும் "உங்கட பக்கம் என்ன மாதிரி?" என்று விசாரித்துக்கொண்டார்கள். 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரையான பேரணி இந்த வீதியால் புறப்பட்டபோது முஸ்லிம்களும் சேர்ந்து நடந்ததற்கு கிறீஸ் பூதம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடையில் இப்படி ஓர் ஓகஸ்ட் இருந்தது.

கெட்டதும் தொடர்ந்தது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கொத்தில் மலட்டு மாத்திரை கலந்ததாகச் சொல்லி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மா என்று பின்னர் அரச பகுப்பாய்வில் தெரிந்தது. வதந்தி எங்கே கிளம்பினாலும் அது பெண்ணின் உடம்பில் வந்து குந்துகிறது: 2011இல் மார்பு, 2018இல் கர்ப்பப்பை, 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் முகத்திரை.

2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்ததை 2011க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடற்கோளின் பின் கட்டப்பட்ட பொலிவேரியன் கிராமத்தில் வாடகைக்கு வந்த புதியவர்களைச் சந்தேகித்து முதலில் கேள்வி கேட்டவர்கள் அந்த ஊர் மக்கள்தான். தகவல் பொலிஸுக்குப் போனது. அன்றிரவு அந்த வீட்டுக்குள் வெடிக்கவைத்துக்கொண்டவர்களோடு பிள்ளைகளும் இறந்தார்கள். தெரியாத முகத்தைக் கவனிக்கிற பழக்கம் இந்த ஊர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அடுத்து வந்த வாரங்களில் சுற்றிவளைப்பும் வீட்டுச் சோதனையும் அதே ஊர்களுக்குத்தான் நடந்தன.

இப்போதைய பயத்துக்குப் பெயர் ஐஸ், கேரளக் கஞ்சா. 2023 டிசெம்பரில் தொடங்கிய "யுக்திய" நடவடிக்கை நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்தது. மகன் போதைக்குப் போய்விட்டான் என்று தெரிந்த தாய்க்கு இதில் இரண்டு பயம்: மகன் அதிலேயே அழிவானோ என்பது ஒன்று, அவனைப் பற்றி வெளியே சொன்னால் யார் வந்து கொண்டுபோவார்களோ என்பது மற்றது. ஆகவே அவள் சொல்வதில்லை. மறுபடி தாயின் வளவு, மறுபடி மூடிய கதவு. பூதத்தைத் துரத்திய வளவால் இதைத் துரத்த முடியாது. இந்த முறை ஆபத்து உள்ளே பாய் விரித்துப் படுத்திருக்கிறது.

தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில வழிகள் உண்டு. பெண்களுக்கான இலவசத் தொலைபேசி 1938, பிள்ளைகளுக்கு 1929, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996. பொலிஸில் தமிழில் முறைப்பாடு கொடுக்க உரிமை உண்டு. தமிழ், அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி அரச கரும மொழி. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி வைத்துக் கையெழுத்துக் கேட்டால், தமிழில் எழுதும்படி கேட்கலாம்; வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் யாரையாவது பிடித்தால், 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பிடித்துப்போன அன்றே குடும்பமும் ஆணைக்குழுவுக்கு அறிவித்தால், அந்த 48 மணித்தியாலத்தைக் கணக்குப் பார்க்க ஓர் ஆள் இருக்கும்.

ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையில் இருக்கிறது. கோமாரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர். போய், எழுதிக் கொடுத்து, துண்டு வாங்கிக்கொண்டு, பொழுதுபட முன்னர் வீடு திரும்ப வேண்டுமென்றால் காலையில் முதல் பஸ்ஸில் ஏற வேண்டும்.